சொட்டு எங்கிருந்து வருகிறது?

ஆயில் கசியும் வண்டியைப் பார்க்கக் கூப்பிடுகிறவர்கள் முதலில் தரையைத்தான் காட்டுவார்கள். நான் தரையைப் பார்ப்பது ஆயிலின் நிறத்துக்காக மட்டும். கறுப்பு என்றால் இன்ஜின். சிவப்பு என்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸாகவோ பவர் ஸ்டீயரிங்காகவோ இருக்கும். மூக்கைத் துளைக்கும் கந்தக வாடை வந்தால் பின் ஆக்சில். தரையிலிருந்து தெரிந்துகொள்ள அவ்வளவுதான் இருக்கிறது. சொட்டு விழுகிற இடத்துக்கு நேர் மேலேயே கசிவு இருந்த வண்டிகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஓடுகிற வண்டியில் காற்று முன்னாலிருந்து பின்னால் அடிக்கிறது. டேப்பட் கவர் ஓரத்தில் கசியும் ஆயில் பிளாக்கின் பக்கவாட்டில் வழிந்து, காற்றில் பின்னோக்கி இழுபட்டு, கடைசியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங் அடியில் வந்து சொட்டும். அதைப் பார்த்ததும் "பின் கிராங்க் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்று சொல்லிவிடுவது சுலபம். அப்படிச் சொல்லி வீணாக இறக்கப்பட்ட கியர்பாக்ஸ்களைக் கோவையில் நிறையப் பார்த்திருக்கிறேன். சீலை மாற்றி, கியர்பாக்ஸை ஏற்றி, பில் கட்டி வீட்டுக்கு வந்தால் மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே சொட்டு இருக்கும். வண்டிக்காரர் மெக்கானிக்குகள் எல்லோரையும் வெறுப்பது அன்றிலிருந்துதான்.

அதனால் என் முதல் வேலை கழுவுவது. மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் பழைய பிசுக்கையெல்லாம் தேய்த்து எடுத்து, பிரேக் கிளீனர் அடித்து, துணியால் ஒற்றி உலரவைப்பேன். பிரஷர் தண்ணீர் அடிக்க விடமாட்டேன். ஆல்டர்னேட்டரிலும் வயர் கப்ளர்களிலும் தண்ணீர் புகுந்தால் கசிவோடு கரண்ட் கோளாறும் சேர்ந்துகொள்ளும். கழுவிய வண்டியை ஓரிரு நாள் வழக்கம்போல ஓட்டச் சொல்வேன். பிறகு டார்ச்சை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்து வர வேண்டும். ஈரமாக இருக்கும் இடங்களில் எது மிக உயரமோ, மிக முன்னாலோ, அங்கேதான் கசிவு. ஈரம் மெல்லியதாக இருந்து கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் முகத்துக்குப் போடும் பவுடரைச் சந்தேகப்பட்ட இடத்தில் தூவி இன்ஜினை ஓடவிடுவோம். வெள்ளைப் பரப்பில் ஒரு கோடு கறுக்கும். இப்போது ஆயிலோடு கலக்கும் சாயம் கிடைக்கிறது. புற ஊதா டார்ச் அடித்தால் கசிந்த வழி முழுக்கப் பச்சை மஞ்சளாக ஒளிரும். பவுடரோ சாயமோ, எதை எடுத்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

பெரிய ஒர்க் ஷாப்பில் அந்தக் காத்திருப்புக்கு இடம் இல்லை. லிஃப்டில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அங்கே ஒரு விலை உண்டு. கழுவி அனுப்பி, இரண்டு நாள் கழித்து மறுபடி ஏற்றிப் பார்க்க யாரும் தயாராக இல்லை. வீட்டில் நிற்கும் வண்டிக்கு அந்த அவகாசம் இருக்கிறது. பழைய சொகுசுக் காரின் ஆயில் கசிவை வீட்டில் வைத்துப் பார்ப்பதே நல்லது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். கூலி மிச்சமாவது இரண்டாவது காரணம்.

நான் 1980களின் தொடக்கத்தில் ஹெல்ப்பர் பையனாகச் சேர்ந்தபோது ஆயில் கசிவை யாரும் பெரிய நோயாக நினைக்கவில்லை. அம்பாசிடரின் 1489 சி.சி. இன்ஜினில் கிராங்க்கின் பின் முனையில் ஆயில் சீலே கிடையாது. ஷாஃப்டில் திருகுபோல ஒரு மரை வெட்டியிருக்கும். சுற்றும்போது அது ஆயிலை உள்ளே தள்ளிவிடும். நிறுத்தினால் நாலு சொட்டு விழுவது அதன் இயல்பு. தட்டு வைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள்.

மில் முதலாளிகள் வீட்டில் நின்ற வெளிநாட்டு பென்ஸ்தான் எங்களுக்குப் பாடம் கற்பித்தது. டபிள்யூ 123 என்கிற அந்த டீசல் வண்டியில் ஓ.எம். 616 இன்ஜின் இருந்தது. பின் சீல் என்பது அதில் ஒரு திரிக் கயிறு. மேஸ்திரி அந்தத் திரியை முதல் நாள் இரவே ஆயிலில் ஊறப்போடுவார். காலையில் அதைப் பள்ளத்தில் வைத்து, உருண்டையான கட்டையால் நடுவிலிருந்து இரு பக்கமும் அழுத்திக்கொண்டே போவார். முனையை வெட்டும்போது ஒரு மயிரிழை மேலே நிற்கும்படி விடுவார். மூடியை இறுக்கும்போது அந்த மிச்சம்தான் நெருக்கிப் பிடிக்கும். சரிமட்டமாக வெட்டிய திரி கட்டாயம் கசியும். எங்கள் நல்ல காலம், இதே இன்ஜினை பஜாஜ் டெம்போ நிறுவனம் உரிமம் பெற்று இங்கேயே செய்துகொண்டிருந்தது. ஜெர்மனியிலிருந்து வர வேண்டிய பாகங்கள் பலவற்றுக்கு டெம்போ கடையில் மாற்று கிடைத்தது. பணக்கார வீட்டு பென்ஸுக்கும் ஊட்டி ரோட்டில் ஆள் ஏற்றிய டெம்போவுக்கும் ஒரே பேக்கிங்கை நான் போட்டிருக்கிறேன்.

அப்போது பேக்கிங் என்றால் கார்க் அல்லது காகிதம். இறுக்க இறுக்கக் கார்க் நசுங்கும், ஓரத்தில் பிதுங்கும், பிறகு வெடிக்கும். ஆனாலும் இறுக்குவதுதான் வைத்தியம் என்று பலரும் நம்பினார்கள். 1995இல் புனேயில் டபிள்யூ 124 பென்ஸ் தயாராகி வரத் தொடங்கியதும் இந்தப் பழக்கம் எங்களை நன்றாகப் படுத்தியது. அதன் டேப்பட் கவர் பேக்கிங் வார்ப்பு ரப்பர். அது பள்ளத்தில் உட்கார்ந்து தன் அளவுக்கு மட்டுமே அழுந்த வேண்டும். அதைப் பிடிக்கும் போல்ட்டுகள் அலுமினியத்தில் இறங்குகின்றன. அவற்றுக்குச் சொல்லப்பட்ட இறுக்கம் பத்து நியூட்டன் மீட்டரை ஒட்டியதுதான், மணிக்கட்டை லேசாகத் திருப்பினாலே வந்துவிடும். முழங்கையை மடக்கி இழுத்தவர்கள் எல்லோரும் த்ரெட்டைச் சாப்பிட்டுவிட்டு லேத் பட்டறையில் போய் நின்றார்கள். சிறிய அளவுகளுக்கான டார்க் ரெஞ்ச் ஒன்றை வாங்காமல் ஜெர்மன் வண்டியின் ஒரு கவரைக்கூடத் திறக்காதீர்கள் என்று இன்றைக்கும் சொல்கிறேன்.

சீல்களும் மாறின. பழைய ரப்பர் சீலை மாட்டும்போது உதட்டில் ஆயில் தடவுவோம். அதை ஒரு சடங்காகவே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு டெஃப்லான் உதடு வைத்த கிராங்க் சீல்கள் வந்தன. அவற்றை உலர்ந்த ஷாஃப்டில் உலர்ந்தபடியே மாட்டவேண்டும். மாட்டிய பிறகும் சில மணி நேரம் இன்ஜினைத் தொடக்கூடாது, உதடு சுருங்கி ஷாஃப்டைப் பிடிக்க அந்த நேரம் தேவை. கைப்பழக்கத்தில் ஆயில் தடவி மாட்டியவர்களிடம் புதுச் சீலே கசிந்தது. அவர்கள் கடைக்காரர் கொடுத்த சீல் போலி என்று சண்டைக்குப் போனார்கள். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுச் சீட்டில் படத்தோடு எல்லாம் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

2007இல் சென்னைக்குப் பக்கத்தில் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை வந்தது. அதற்குப் பிறகு தெருவுக்கு ஒன்றாக ஜெர்மன் கார் நிற்கும் காலம் ஆயிற்று. இந்த வண்டிகளின் அடியில் முழு நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு மூடியிருக்கும். கசியும் ஆயில் தரைக்கு வராமல் அதில் தேங்கும். தரையில் சொட்டு தெரியும் நாளில் கசிவு ஆரம்பித்துப் பல மாதம் ஆகியிருக்கும். அந்தத் தட்டின் உள்பக்கம் சத்தம் குறைக்க ஒட்டிய பஞ்சு ஆயிலைக் குடித்துவிட்டு, கசிவைச் சரிசெய்த பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். வேலையை ஒழுங்காகச் செய்த மெக்கானிக்குக் கெட்ட பெயர் இதனால்தான் வருகிறது. பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து காயவைக்க வேண்டும், இல்லையென்றால் பிய்த்து எறிய வேண்டும். தட்டையே எறிந்துவிடுகிற வழக்கமும் இருக்கிறது. மழைக்காலத்தில் சேறும் கல்லும் பெல்ட்டில் ஏறும்போது அதன் அருமை தெரியும்.

2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்றது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்த வண்டிகள் மலிவான விலையில் தெற்கே வந்தன. அதுவரை சொகுசுக் காரை நினைத்துக்கூடப் பார்க்காத சம்பளக்காரர்கள் அவற்றை வாங்கினார்கள். வண்டி விலையைக் கொடுக்க முடிந்தவர்களுக்கு அதன் ரிப்பேர்ச் செலவைத் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லும் அழைப்புகள் எனக்குப் பெருகியது அப்போதுதான்.

சரவணம்பட்டியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் ஒரு தம்பி அப்படித்தான் கூப்பிட்டார். டெல்லிப் பதிவு எண் கொண்ட இ கிளாஸ், ஆறு சிலிண்டர் டீசல், ஓ.எம். 642 இன்ஜின்.

"அண்ணா, பெல் ஹவுசிங் அடியில ஆயிலுங்க. பின் சீல் போயிருச்சாம். கியர்பாக்ஸ் எறக்கோணும்னு சொல்லிப்போட்டாங்க."

"மேல எட்டிப் பாத்தாங்களா, தம்பி?"

"இல்லீங்ணா. லிஃப்ட்ல ஏத்தி அடியிலதான் பாத்தாங்க."

இந்த இன்ஜினின் அமைப்பு தெரிந்தவர்கள் அடியில் பார்ப்பதற்கு முன்னால் மேலே பார்ப்பார்கள். இரண்டு சிலிண்டர் வரிசைகளும் வி வடிவில் சாய்ந்து நிற்கின்றன. அந்த இரண்டு சாய்வுக்கும் நடுப் பள்ளத்தில் ஆயில் கூலர் படுத்திருக்கிறது. அதற்கு மேல் இன்டேக் மேனிஃபோல்ட், பின்பக்கம் டர்போ. சூடு போக வழியே இல்லாத இடம். கூலருக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் இரண்டு சின்ன சீல்கள் பத்து வருஷச் சூட்டில் தட்டையாகி இறுகிப்போகின்றன. ஆயில் பள்ளத்தில் குளம் கட்டி, நிரம்பி, பின்பக்கமாக வழிந்து பெல் ஹவுசிங் மேல் இறங்குகிறது. கீழிருந்து பார்க்கிறவருக்கு அது பின் சீல் கசிவாகத்தான் தெரியும். முதலில் வந்த சீல் ஆரஞ்சு நிறம். பின்னாளில் கம்பெனியே கூடுதல் சூடு தாங்கும் விட்டான் ரப்பரில் ஊதா நிறச் சீல் கொடுத்தது. வாங்கும்போது ஊதாவைக் கேட்டு வாங்க வேண்டும்.

போனில் மாட்டும் குழாய்க் கேமராவை இடுக்கு வழியாக இறக்கினோம். பள்ளத்தில் ஆயில் நிறைந்து பளபளத்தது. பின் சீலைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. சீல்களின் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் அவற்றை எட்டுவதற்கு ஏர் பைப்புகள், இ.ஜி.ஆர். குழாய், டர்போ, மேனிஃபோல்ட் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். தம்பிக்குக் கையில் கருவி பிடித்துப் பழக்கம் இல்லை, ஆனால் பொறுமை நிறைய இருந்தது. அவர் வீட்டுப் போர்டிகோவில் சனி ஞாயிறுகளில் அவரையே செய்யவைத்தேன். நான் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்வேன், அவர் ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்வார். ஒரு அட்டையில் இன்ஜினை வரைந்து, கழற்றிய போல்ட்டை அந்தந்த இடத்தில் குத்திவைத்தார். நீளம் ஒரு நூல் மாறினாலும் அலுமினியம் வெடிக்கும் என்பதால் இந்தப் பழக்கம் அவசியம். மேனிஃபோல்டை எடுத்த உடனே ஒவ்வொரு காற்றுத் துவாரத்திலும் சுத்தமான துணியைத் திணிக்கச் சொன்னேன். உள்ளே ஒரு சின்ன வாஷர் விழுந்தால் இன்ஜினே போய்விடும். பழைய பேக்கிங் ஒட்டியிருந்த இடத்தை மூங்கில் சிம்பால் சுரண்டினோம். பிளேடு படக்கூடாது, அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதுவே அடுத்த கசிவுக்கு வழி.

அதே வண்டியில் டர்போ வாயில் மாட்டும் சிறு சீலும் கெட்டிருந்தது. அது கசிந்தால் ஆயில் நேராக ஸ்விர்ல் மோட்டார்மேல் விழுந்து அதைக் கெடுக்கும். அந்தச் சீலை மாற்ற எதையும் இறக்கவேண்டாம், வீட்டிலேயே முடித்துவிடலாம். இந்த இன்ஜின் வைத்திருப்பவர்கள் கசிவு தெரிவதற்கு முன்னாலேயே அதை மாற்றிவிடுங்கள்.

சீலை மாற்றுவதற்கு முன் நான் தவறாமல் செய்யும் இன்னொரு சோதனை இன்ஜினின் மூச்சு. பிஸ்டன் ஓரமாகக் கீழே இறங்கும் காற்று பிரீதர் வழியாக வெளியேறி இன்டேக்குக்குப் போக வேண்டும். அந்த வழி பிசுக்கால் அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, எங்கே பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும். ஒரு சீலை மாற்றினால் அடுத்த மாதம் வேறொரு சீல் கசியும். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை வையுங்கள். பெட்ரோல் வண்டியில் அதை மெல்ல உள்ளே இழுக்கவேண்டும். தாள் எழும்பி வெளியே ஊதினால் முதல் வேலை பிரீதர்தான். மூடியைத் திறக்கவே முடியாதபடி இழுத்தாலோ விசில் சத்தம் கேட்டாலோ உள்ளே இருக்கும் டயாஃபிராம் கிழிந்திருக்கும். பி.எம்.டபிள்யூ.வின் என்.52 (N52) இன்ஜினின் பிளாஸ்டிக் கவரில் அந்த டயாஃபிராமை நிறைய மாற்றியிருக்கிறேன். ஒரே வண்டிக்கு வருஷா வருஷம் சீல் மாற்றிக்கொண்டிருந்த ஒரு டாக்டருக்குப் பிரீதரைச் சுத்தம் செய்ததோடு அந்தச் செலவு நின்றது.

சிலிக்கான் பேஸ்ட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆர்.டி.வி. டியூப் வந்த பிறகு பேக்கிங் வாங்கவே அலுத்துக்கொள்ளும் ஒரு தலைமுறை உருவாகிவிட்டது. ரப்பர் பேக்கிங்குக்கு மேல் பேஸ்ட் தடவினால் அது வழுக்கிப் பள்ளத்தை விட்டு வெளியே வரும். ஜெர்மன் இன்ஜின்களில் பேஸ்ட் வேண்டிய இடங்கள் உண்டு, இரண்டு உலோகத் துண்டுகள் சேரும் மூலைகளில் ஒரு பொட்டு அளவு. தாராளமாகப் பூசினால் வெளியே பிதுங்குவது போலவே உள்ளேயும் பிதுங்கும். ஆயில் விளக்கு விட்டு விட்டு எரிகிறது என்று ஒரு வண்டி என்னிடம் வந்தது. சம்ப்பை இறக்கினால் ஆயில் உறிஞ்சும் சல்லடை முழுக்கச் சிலிக்கான் துணுக்குகள். அடைப்பு இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால் பேரிங் எரிந்து இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருந்திருக்கும். எங்கோ ஒரு சின்னக் கசிவை நிறுத்தத் தடவிய பேஸ்ட் அது.

தரைக்கு வராத கசிவும் இருக்கிறது. பென்ஸ் சி கிளாஸில் வந்த எம். 271 பெட்ரோல் இன்ஜினின் முன்பக்கம் கேம்ஷாஃப்ட் மேக்னட்டுகள் இருக்கின்றன. அவை பழசானால் ஆயில் கப்ளருக்குள் நுழைந்து, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல வயருக்குள்ளேயே ஏறிக் கம்ப்யூட்டர் பெட்டி வரை போய்விடும். கீழே ஒரு சொட்டுகூட விழாது. கப்ளரைப் பிடுங்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் மேக்னட்டை மாற்றி, நடுவில் மாட்டுவதற்கென்றே கிடைக்கும் குட்டி வயரையும் போட்டுவிடுங்கள். பிறகு எப்போதாவது கசிந்தாலும் ஆயில் அந்தக் குட்டி வயரோடு நிற்கும்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் கசிவு நிற்குமா என்று கேட்காதவர்கள் இல்லை. 5டபிள்யூ-40 ஊற்ற வேண்டிய இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் சொட்டு கொஞ்ச நாள் குறையும். ஆனால் டைமிங் செயின் டென்ஷனரும் வால்வ் டைமிங்கை மாற்றும் பாகங்களும் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கின்றன. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கெட்டி ஆயில் அங்கே போய்ச் சேரத் தாமதமாகும். கசிவை மறைத்து இன்ஜினைத் தேய்க்கும் இந்த வியாபாரத்துக்கு நான் உடன்படுவதில்லை. சீலை ஊதவைக்கும் திரவங்களும் அதே கணக்குதான். காய்ந்த ரப்பருக்குச் சில மாதம் உதவும், கிழிந்ததற்கு உதவாது.

வீட்டில் இறங்கிச் செய்யப்போகிறவர்களிடம் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் தாங்கும்போது நன்றாகத்தான் தெரியும், ஒரே நொடியில் நொறுங்கும். எடை குறித்த இரும்பு ஸ்டாண்டுகளைக் காரின் ஜாக்கி முனைகளுக்கு அருகில் கெட்டித் தரையில் வையுங்கள். வண்டியை ஒரு முறை தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்று தெரிந்த பிறகே தலையை உள்ளே கொடுங்கள். பின் கிராங்க் சீலே போயிருந்தால், கியர்பாக்ஸை வீட்டுத் தரையில் படுத்துக்கொண்டு இறக்காதீர்கள். அதற்கு லிஃப்ட் வேண்டும், இரண்டு ஆள் வேண்டும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்து, ஆயில் மாற்றும் கடையில் கொடுத்துவிடுங்கள்.

எல்லாக் கசிவையும் அடைத்தாக வேண்டும் என்பதில்லை. இருபது வயது வண்டியில் டேப்பட் கவர் ஓரம் லேசாக ஈரமாக இருந்து, இரண்டு ஆயில் மாற்றத்துக்கு நடுவில் அளவு குறையாமல் இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும். எதையும் இறக்கத் தேவையில்லை. தள்ளிப்போடக் கூடாதவை இரண்டு. ஒன்று, சூடான சைலன்சர் மேனிஃபோல்டில் விழும் கசிவு. வண்டியை நிறுத்தியதும் எரிந்த ஆயில் வாடை அடிக்கும், பானெட் ஓரத்தில் மெல்லிய புகை தெரியும். அது தீப்பிடிக்கும் வழி. மற்றது, பெல்ட்டில் விழும் கசிவு. பி.எம்.டபிள்யூ. ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் பேக்கிங் காய்ந்தால் ஆயில் நேராகப் பெல்ட்டில் சொட்டும். ஊறிய பெல்ட் நழுவிக் கிழிந்து, அதன் நார் கிராங்க் புல்லிக்குப் பின்னால் புகுந்து முன் சீலைத் துளைத்து இன்ஜினுக்குள்ளேயே போய்விடும். பேக்கிங் செலவில் முடிய வேண்டியது இன்ஜினைப் பிரிக்கும் வரை போகும். இந்த இரண்டில் எதைக் கண்டாலும் வண்டியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை சாவியைத் தொட வேண்டாம்.